கைப்பெட்டியின் கதை

பம்பாய்வாழ் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், சாமான் மூட்டைகளுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்காமல் இருக்க முடியாது. தாராவியின் தோல் கிடங்குகளுக்குத் திருநெல்வேலிச் சீமையினின்று வந்தோரும், மாட்டுங்காவில் குடியமர்ந்து அலுவலகங்களில் குமாஸ்தாக்களாகப் பணியாற்றியோரும், பின்னர் செம்பூரில் வீடு கண்டோரும், தகர டிரங்குப் பெட்டி, படுக்கைச் சுருள், கூஜா ஆகியவற்றுடனேயே இந்நகருக்கு வந்து சேர்ந்தனர். ரயில்வேயார் இரண்டாம் வகுப்புப் பிரயாணிக்கு 35 கிலோ, படுக்கை வகுப்புப் பிரயாணிக்கு 40 கிலோ என நாடு முழுவதற்கும் ஒரே விதி வைத்திருக்கின்றனர். அவ்விதியை நம்மவர் கடைப்பிடித்தனர் என்று சொல்ல நமக்குத் துணிவில்லை! ஆயினும் தாதரில் ஒன்று, நாகர்கோவிலில் மற்றொன்று என்று அது மாறியதில்லை. ஆகாய மார்க்கத்தில் நிலைமை வேறு.

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள், கராச்சியிலிருந்து ஒரு சிறு விமானத்தைத் தாமே ஓட்டிவந்து ஜுஹூ மைதானத்தில் இறக்கினார் ஜே. ஆர். டி. டாட்டா. அங்கிருந்து பல்லாரி வழியாகச் சென்னைக்கு அதனை ஓட்டிச் சென்றவர் நெவில் வின்சென்ட். அது சுமந்து வந்தவை தபால் பைகள். பம்பாய்க்கும் தமிழகத்துக்கும் இடையே ஆகாய வழியில் தொடர்ந்து சாமான் செல்லத் தொடங்கிய கதை இதுதான். அக்காலத்தில் எடையே பெருங்கவலை. பெட்டியோடு பிரயாணியையும் தராசில் ஏற்றிப் பார்த்த கம்பெனிகள் மேனாடுகளில் உண்டு.

கைப்பெட்டிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது 1929-இல் கையெழுத்தான வார்சா உடன்படிக்கையில். கம்பெனியிடம் ஒப்புவித்த சாமான் ஒன்று, பிரயாணி தம் பொறுப்பிலேயே வைத்துக்கொள்ளும் பொருள் மற்றொன்று என அது பிரித்தது. பின்னதற்கு ஆளொன்றுக்கு 5,000 பிராங்கு வரை ஈடு என்றும் வரையறுத்தது. 1934-இல் இந்தியாவும் இதனைச் சட்டமாக்கிற்று. ஆனால் அப்பொருள் எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பது பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கையும் அதில் மௌனமே சாதித்தது. கைச்சாமான் பத்திரமாக அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும் என்பதே சர்வதேசச் சிவில் விமான அமைப்பு வகுத்த விதி. அளவு நிர்ணயம் அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. இன்றைய வழக்குகள் பலவற்றுக்கும் வித்து இங்கேதான் இருக்கிறது.

அந்நாளில் அது பெருங்குறையாகத் தோன்றவில்லை. பழைய விமானங்களில் தலைக்குமேல் இருந்தது மூடியில்லாத தட்டு. தொப்பியும் மேலங்கியும் வைப்பதற்கானது. 1970-இல் சேவைக்கு வந்த போயிங் 747 போன்ற பெரிய விமானங்களால் மூடியுள்ள பேழைகள் பரவின. இடம் வந்ததும் பெட்டியும் வந்தது. 1987-இல் ராபர்ட் பிளாத் என்னும் அமெரிக்க விமானி, இரு சக்கரமும் இழுகைப்பிடியும் வைத்து நிமிர்த்தி இழுக்கும் பெட்டியைச் செய்தார். 2008-இல் அமெரிக்கக் கம்பெனிகள், ஒப்புவிக்கும் முதற்பெட்டிக்கே 15 டாலர் கேட்கத் தலைப்பட்டன. காசு கேட்டால் கையிலேயே கொண்டு போவோம் என்று ஜனங்கள் நினைத்ததில் வியப்பில்லை. பேழைகள் நிரம்பின, அளவுகோல்கள் வாயிலுக்கு வந்தன.

இக்குழப்பத்துக்கு முடிவு காண ஒரு முயற்சியும் நடந்தது. 2015 ஜூனில் உலக விமானக் கம்பெனிகளின் சங்கம், 55, 35, 20 சென்டிமீட்டர் என்று ஒரு பொது அளவை முன்மொழிந்தது. இருக்கும் பெட்டிகளையெல்லாம் எறிந்துவிட்டுப் புதியன வாங்குவதா என்று அமெரிக்காவில் எழுந்த கூச்சலில், பத்து நாளும் நிறையுமுன்னே அது நிறுத்தி வைக்கப்பட்டது.

நம் நாட்டில் சாதாரண வகுப்புப் பிரயாணிக்கு ஒரு பை, 7 கிலோ, மூன்று பக்கமும் கூட்டி 115 சென்டிமீட்டர் என்பதே பொது வழக்கு. லண்டனுக்குப் பறக்கும் பிரிட்டிஷ் கம்பெனியோ 23 கிலோ வரை அனுமதிக்கிறது. அது போகட்டும். அந்த 115-க்குள்ளேயே ஒரு சூட்சுமம் இருப்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். 55, 35, 25 கூட்டினாலும் 115. 55, 40, 20 கூட்டினாலும் 115. இவ்விரண்டு அளவுகளும் வழக்கில் உள்ளன. முதலாவதற்கென வாங்கிய கெட்டிப் பெட்டி இரண்டாவது சட்டத்தில் நுழையாது!

நம் குடும்பத்திலேயே இது நேர்ந்தது. வளைகாப்புக்காகக் கோவை சென்ற மூத்த அம்மையார் ஒருவர், போகும்போது ஒரு கம்பெனியிலும் திரும்பும்போது வேறொன்றிலும் பிரயாணம் செய்தார். போகையில் எவரும் ஏறெடுத்துப் பாராத பெட்டியை, வருகையில் கனம் மிகுதி என்று வாயிலிலேயே பறித்து அடித்தளத்துக்கு அனுப்பினர். அதற்குள் இருந்தது அவருடைய இன்சுலின். உறைந்தால் அம்மருந்து பயனற்றுப் போகும். பெட்டியைத் திறக்கச் சொல்லி, வரிசையில் நின்றோர் முணுமுணுக்க, அடுக்கிய புடவைகளைத் தரையில் பரப்பி அதனை எடுத்துக்கொண்டார். அன்றுமுதல் மருந்து இடுப்புப் பையிலேயே இருக்கிறது.

அளவு ஒருபுறமிருக்க, பொருளிலும் இத்தகைய மாற்றமுண்டு. தேங்காய் நம் நாட்டு விமானங்களில் கைச்சாமானாகச் செல்ல இயலாத பொருள். சபரிமலைக்கு மாலையிட்டு இந்நகரிலிருந்து கொச்சிக்குப் பறக்கும் பக்தர்களுக்கு இது பெருஞ்சங்கடமாக இருந்தது. தலையில் தாங்க வேண்டிய இருமுடியை, நெய்த்தேங்காய் உள்ளிருக்கும் காரணத்தால், மற்றப் பெட்டிகளோடு அடித்தளத்தில் போட நேர்ந்தது. 2022 நவம்பரில் விமானப் பாதுகாப்புத் துறையினர் இருமுடித் தேங்காய்க்கு விலக்களித்தனர். 2024 அக்டோபரிலும் அவ்வாறே ஆணை பிறந்தது. எக்ஸ்ரே சோதனை, வெடிமருந்துச் சோதனை, கைச்சோதனை ஆகிய மூன்றையும் கடந்த தேங்காய், ஐயப்பன்மாரின் மடியிலேயே பிரயாணம் செய்தது. அவ்வனுமதி 2025 ஜனவரி 20-ஆம் நாள் வரை மட்டுமே. 21-ஆம் நாள் அதே தேங்காய் பழையபடி அடித்தளத்துக்கு உரியதாயிற்று.