விழுந்தவர் எதற்காக உள்ளே வந்தார்?

எங்கட பக்கத்தில் யாராவது கடைக்குள் வழுக்கி விழுந்தால் முதலில் வருகிற கேள்வி "பார்த்து நடக்கக்கூடாதே?" என்பதுதான். தூக்கிவிட ஆள் வரும், தண்ணி கொடுக்க ஆள் வரும். தரை ஏன் ஈரமாகக் கிடந்தது என்று கடைக்காரரைக் கேட்கத்தான் ஆள் இருக்காது. விழுந்தவரே வெட்கப்பட்டு, உடுப்பைத் தட்டிக்கொண்டு போய்விடுவார்.

நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், சட்டம் படிப்பவர்கள் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி கடைக்காரரின் பக்கம் திரும்பிய கதை ஒரு நல்ல சமூக வரலாறு. இங்கிலாந்தின் வழக்குகளிலும் காப்புறுதிப் பத்திரங்களிலும் அதைத் தேடிப் பார்த்தோம்.

1866இல் லண்டனில் 'இன்டர்மோர் எதிர் டேம்ஸ்' என்றொரு வழக்கு வந்தது. ஒரு சீனி ஆலையில் புதிதாகப் பொருத்திய எரிவாயுக் கருவியைச் சோதிக்க ஒரு தொழிலாளி போகிறார். மேல்மாடியில் தடுப்பு எதுவும் இல்லாத ஒரு திறப்புக்குள்ளால் கீழே விழுந்து காயப்படுகிறார். அவர் அந்த ஆலையின் வேலையாள் இல்லை, வெளி ஆள். அவருக்கு ஆலைக்காரர் பொறுப்பா? நீதிபதி வில்ஸ் ஆமென்றார். தொழில் அலுவலாக வந்தவரை, இடத்துக்காரர் தனக்குத் தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய வழமைக்கு மாறான ஆபத்திலிருந்து நியாயமான கவனத்தோடு காக்க வேண்டும் என்பது தீர்ப்பு.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் இதற்குள் ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. விழுந்தவருக்கு எவ்வளவு நொந்தது என்பதற்கு முன்னால், அவர் எதற்காக உள்ளே வந்தார் என்று சட்டம் கேட்டது. வியாபாரத்துக்கு வந்தவருக்குக் கூடிய பாதுகாப்பு. விருந்தாளிக்குக் குறைவு, மறைந்திருக்கும் ஆபத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் அவர் எச்சரித்தால் போதும். அனுமதியில்லாமல் வந்தவருக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. வாசலில் நின்று ஆட்களைத் தரம் பிரிக்கிற வேலை! இதன் கொடுமையான முனை 1929இல் தெரிந்தது. ஸ்கொட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கமொன்றின் இயந்திரத்தில் சிக்கி நான்கு வயதுப் பிள்ளை இறந்தது. பிள்ளைகள் வழக்கமாக விளையாடும் வெளிதான் அது. ஆனாலும் பிள்ளை 'அத்துமீறி' வந்தது என்று சொல்லி பிரபுக்கள் சபை நட்டஈட்டை மறுத்தது. நான்கு வயதில் அத்துமீறலாம்! வாடிக்கையாளர், விருந்தாளி என்ற பாகுபாட்டை 1957ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அனுமதியில்லாமல் வந்த பிள்ளையின் விடயத்தில் 1929 தீர்ப்பைக் கைவிட 1972 வரை ஆனது.

இனிக் காப்புறுதிக்கு வருவோம். விபத்துக் காப்புறுதி தொடங்கிய காலத்தில், அடிபடக்கூடியவரே தனக்காகக் காசு கட்டினார். 1849இல் பிரித்தானிய ரயில் பயணிகள் பயணச்சீட்டோடு சேர்த்து விபத்துக் காப்புறுதியும் வாங்க முடிந்தது. 1880இல் தொழில்வழங்குநர் பொறுப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அந்தப் பொறுப்பையே காப்புறுதி செய்வதற்கென்று லண்டனில் ஒரு கம்பனி தொடங்கியது. இப்போது காசு கட்டுவது அடிபடக்கூடியவர் இல்லை, பதில் சொல்ல வேண்டி வரக்கூடியவர். பிறகு வேலையாளைத் தாண்டி, கடைக்கு வருபவர், பக்கத்தால் போகிறவர் என்று பொதுமக்களுக்கு நேரும் தீங்குக்கும் பத்திரங்கள் வந்தன. தன் கவனக்குறைவுக்குத் தானே காப்புறுதி எடுத்தால் முதலாளி இன்னும் அசட்டையாக இருப்பாரே என்று அந்தக் காலத்தில் வாதிட்டவர்களும் இருந்தார்கள். அந்தப் பயம் பிழையென்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனால் காசில்லாத முதலாளிக்கு எதிராக வழக்கில் வென்று என்ன பலன்? தீர்ப்புக் கடதாசியை வைத்து வைத்தியச் செலவைக் கட்ட ஏலாது.

பிரித்தானிய அரசு இதை அரைவாசிதான் விளங்கிக்கொண்டது. 1930இல் வாகனங்களுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேலையாட்களுக்கான காப்புறுதியையும் கட்டாயமாக்கியது. கடைக்கு வந்து விழுகிற வாடிக்கையாளருக்கான காப்புறுதி அங்கே பொதுவாக இன்றுவரை கடைக்காரரின் விருப்பம்தான். அதே ஈரத் தரையில் காசாளர் விழுந்தால் கட்டாயக் காப்புறுதி; வரிசையில் நிற்பவர் விழுந்தால் அவருடைய அதிர்ஷ்டம்.

கேள்வி உண்மையில் திரும்பிய இடம் 'வார்ட் எதிர் டெஸ்கோ' வழக்கு. 1974இல் லிவர்பூல் சுப்பர்மார்க்கட் ஒன்றில் ஒரு பெண் சிந்திக் கிடந்த யோகட்டில் வழுக்கி விழுந்தார். யோகட் எவ்வளவு நேரமாக அங்கே கிடந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. அதை அவர் எப்படி நிரூபிப்பார்? சில கிழமைக்குப் பிறகு அதே கடைக்குப் போனவர், சிந்திய தோடம்பழச் சாறு கால் மணித்தியாலமாகத் துடைக்கப்படாமல் கிடந்ததைக் கண்டார். (இந்த அம்மாவை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.) ஒரு நாளைக்கு ஐந்தாறு தரம் கூட்டுகிறோம் என்றது கடை. மேன்முறையீட்டில் மூன்று நீதிபதிகளில் இருவர் 1976இல் அவர் பக்கம் நின்றார்கள். தரையில் யோகட் கிடந்தால், தாங்கள் கவனமாக இருந்தோமென்று கடைதான் விளக்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு கவனமாக இருந்தாலும் இப்படி நடக்கலாமே என்றார் மூன்றாமவர். அதுவும் ஒரு நியாயம்தான். கிடைத்த நட்டஈடு 137 பவுண் 50 பென்ஸ்.

பெரிய கடைகளின் கழிப்பறைக் கதவுக்குப் பின்னால் துப்புரவு நேரம் எழுதிக் கையெழுத்திட்ட தாள் தொங்குமே, அது இந்த மாதிரி விளக்கத்துக்கு உதவுகிற சாட்சி. நாள் முழுக்க உள்ள கையெழுத்தைக் காலையிலேயே போட்டு வைக்கிற தாள்களும் உண்டு, அது வேறு கதை.

எங்கட நாட்டுக்கு இந்தத் தீர்ப்புகள் அப்படியே பொருந்தாது. இங்கே இப்படியான நட்டஈட்டு வழக்குகளின் அடிப்படை ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டம். அதில் எதிராளியின் தவறை நிரூபிக்கும் பொறுப்பு அடிப்படையில் வழக்குப் போட்டவருக்கே. யோகட்டின் வயதைத் தேடி அவரே அலைய வேண்டி வரலாம்.

இன்னொரு விடயம், இதுதான் எங்களைக் கூடுதலாக உறுத்தியது. பொறுப்புக் காப்புறுதிப் பத்திரங்களில் வழமையாக ஒரு நிபந்தனை இருக்கும்: கம்பனியின் சம்மதமில்லாமல் பிழையை ஒப்புக்கொள்ளக்கூடாது. ஆகவே விழுந்தவரின் கையைப் பிடித்து "எங்கட பிழைதான் அம்மா" என்று சொல்ல நினைக்கிற கடைக்காரரும் வாயை மூட வேண்டியிருக்கு. காசு கொடுக்க ஏற்பாடு இருக்கு, மன்னிப்புக் கேட்கப் பயம். இங்கிலாந்தில் 2006இல் சட்டம் போட்டுச் சொல்லவேண்டி வந்தது: மன்னிப்புக் கேட்டதை மட்டும் வைத்து ஒருவர் பிழையை ஒப்புக்கொண்டார் என்று எடுக்க முடியாது.