முற்றத்துப் பள்ளிக்கூடம்

'கிண்டர்கார்ட்டன்' என்ற சொல் காதில் விழுந்ததும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது என்ன? கழுத்தில் டை, தோளில் தண்ணீர்ப் புட்டி, வாசலில் கார், எல்லாவற்றுக்கும் மேலாகப் பள்ளிக்கூடம் அனுப்பும் பீஸ் சீட்டு. காசுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்காக ஏற்பட்ட சமாசாரம் என்றுதான் பொதுவாக ஓர் அபிப்பிராயம். ஆனால் அதன் பூர்வீகத்தை விசாரித்தால் கதை வேறு விதமாக இருக்கிறது.

ஜெர்மனியில் பிரெடரிக் பிரோபெல் என்பவர் 1837-ல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னஞ்சிறு குழந்தைகளுக்கென்று ஒரு விளையாட்டுச் சாலை ஆரம்பித்தார். 1840-ல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். குழந்தைகள் ஆடிப் பாடுவதைக் கண்டு எந்தச் சர்க்காராவது பயப்படுமா? பிரஷ்யச் சர்க்கார் பயந்தது! 1851-ல் அந்தப் பள்ளிகளுக்குத் தடை போட்டது. அடுத்த வருஷமே பிரோபெல் கண்ணை மூடிவிட்டார். தடை நீங்கியது 1860-ல்தான்.

பிறகு வந்தார் மரியா மாண்டிசோரி அம்மையார். ரோமாபுரியில் ஸான் லோரென்ஸோ என்பது ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பேட்டை. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் குழந்தைகள் மாடிப்படிகளிலும் சுவர்களிலும் தங்கள் கைவரிசையைக் காட்டின. சுவர் பாழாகிறதே என்ற கவலை கட்டிடக்காரர்களுக்கு. 'இவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?' என்று அம்மையாரை அணுகினார்கள். இப்படி 1907 ஜனவரி 6-ல் பிறந்ததுதான் உலகப் பிரசித்தி பெற்ற 'குழந்தைகள் இல்லம்'. சுவரைக் காப்பாற்றப் போய்க் குழந்தையைக் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த அம்மையார் 1939-ல் நம் சென்னைக்கே வந்து சேர்ந்தார். அடையாற்றில் ஓலைக் கொட்டகைகளில் சுமார் 300 ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். யுத்தம் மூண்டது, இத்தாலி எதிரி தேசமாயிற்று, அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. 1946 வரை இந்தியாவிலேயே தங்கிவிட்டார். அவர் விட்டுச் சென்ற வித்தை நகரங்களில் வேரூன்றியது. ஆனால் வழவழப்பான மரச் சாமான்களும் விலையுயர்ந்த கருவிகளும் ஏழை கிராமத்துக்கு எட்டவில்லை.

எட்ட வைத்தவர் ஒரு மராட்டியப் பெண்மணி. பவநகரில் கிஜுபாய் பதேக்கா என்ற வக்கீல், வக்கீல் தொழிலை விட்டு 1920-ல் ஒரு பாலமந்திர் தொடங்கியிருந்தார். அவருடன் உழைத்துப் பழகியவர் தாராபாய் மோடக். 1945-ல் அவர் அப்போதைய தாணா ஜில்லாவில் போர்டி என்னும் ஊருக்குப் போனார். இளம் வயதிலேயே கணவனை இழந்து, படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அவருக்குத் துணை.

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று, ஏழைக் குழந்தைகளைக் காணோம். காரணம் எளிது. சேரிக் குழந்தைகளுக்கு வந்து சேர வழியில்லை. வந்தாலும் ஊராரின் முகச்சுளிப்பு. தாராபாய் யோசித்தார். குழந்தை பள்ளிக்கு வராவிட்டால் பள்ளி குழந்தையிடம் போகட்டுமே! சேரியிலே ஒரு முற்றம் கிடைத்தால் போதும். விலையுயர்ந்த கருவிகளுக்குப் பதில் கூழாங்கல், கிளிஞ்சல், விதை, இலை, களிமண். முதல் பாடம் குளியல், அக்ஷரம் அப்புறம். முற்றத்தில் நடந்ததால் அதற்கு 'அங்கன்வாடி' என்று பெயர். பின்னால் கோஸ்பாட் குன்றுப் பக்கம் வார்லி மக்களிடையே போனபோது, மாடு மேய்க்கும் பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் தரைக்கே பள்ளி நடந்தது. தம்பியை இடுப்பில் சுமந்துவந்த அக்காவும் படிக்கட்டும் என்று, தொட்டிலையும் பள்ளியையும் ஒரே இடத்தில் சேர்த்தார்கள்.

1975 அக்டோபர் 2-ல் மத்திய சர்க்கார் 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தை ஆரம்பித்தபோது, அந்த முற்றத்துப் பெயரையே எடுத்துக்கொண்டது. தமிழ்நாட்டில் 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, கிராமத்தில் இரண்டு வயதுக் குழந்தைக்கும் ஒரு தட்டுச் சோறு உறுதியாயிற்று. இன்று நம் மாநிலத்தில் சுமார் 54,000 அங்கன்வாடிகள்.

சென்ற வருஷம் ஒரகடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்து அங்கன்வாடிக்குப் போயிருந்தேன். ஏரி, கழனி, கருவேலங்காடு என்றிருந்த பூமி. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் விழுந்ததிலிருந்து முகம் மாறிவிட்டது. கான்கிரீட்டுக் கட்டிடம், சுவரில் யானையும் மாம்பழமும், தராசில் ஒரு வாண்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் திருப்திதான். பேரனை அழைத்துப்போக வந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"அவ விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறிடுறா, சார். இது கண்ணு முழிக்கச்சொல்ல அவ இருக்கமாட்டா. எனக்கும் முட்டி புடிச்சுக்கிச்சு. இதுங்க பின்னாடி எத்தினி நாளைக்கு ஓடறது?" என்றாள்.

அங்கன்வாடி திறப்பது காலை வெயில் ஏறியபின். மூடுவது சாயங்காலத்துக்கு முன். தொழிற்சாலையின் சங்குக்கும் அதற்கும் பொருத்தமில்லை. ஆலைகளில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. 50-க்கு மேல் பெண்கள் வேலை செய்யும் ஆலையில் அது இருக்கவேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்லியது. 1976-ல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைந்தது. ஆனால் பல கிலோமீட்டர் தூரம் விடியற்காலையில் பஸ்ஸில் போகிறவள், தூங்குகிற குழந்தையையும் தோளில் போட்டுக்கொண்டா போவாள்? அவளுக்கு வேண்டியது தன் தெருவிலேயே, தன் பஸ் புறப்படும் நேரத்தில் திறந்திருக்கும் ஒரு கதவு. அதற்கு இன்னொரு ஆயாவும், அவளுக்கு மரியாதையான ஊதியமும் வேண்டும். கட்டிடச் செலவோடு ஒப்பிட்டால் இது மலையல்ல.

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். சிலருக்கென்று காத்து வைத்த மந்திரத்தைத் திருக்கோஷ்டியூரில் உயர ஏறி நின்று எல்லோருக்கும் சொன்னவர் அவர் என்று வைஷ்ணவ மரபு கொண்டாடுகிறது. தாராபாய் செய்ததும் ஒருவகையில் அதுதான். ஆனால் அவர் உயர ஏறவில்லை, முற்றத்தில் இறங்கி உட்கார்ந்தார். குழந்தை இருக்கும் இடத்துக்குப் பள்ளி போகவேண்டும் என்பதை 1945-லேயே அவர் காட்டிவிட்டார். குழந்தைக்குத் துணை வேண்டிய நேரத்தில் அது திறந்திருக்கவும் வேண்டும் என்பது மட்டும் பாக்கியிருக்கிறது.