சுவரேறிய சூரிய மின்பலகை: மான்செஸ்டர் கோபுரத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

சூரிய மின்கலத்தின் வரலாற்றை எழுதுவோர் ஜான் பெர்லின் 1999-இல் வெளியிட்ட 'ஃப்ரம் ஸ்பேஸ் டு எர்த்' நூலைத் தவிர்க்க முடியாது. 1954-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த சிலிக்கான் மின்கலம், 1958-இல் வான்கார்டு செயற்கைக்கோளில் ஏறி, பிறகு கடல்நடு எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்கும் தொலைதூரத் தகவல்தொடர்பு நிலையங்களுக்கும் வந்து, கடைசியில் வீட்டுக் கூரையை அடைந்த கதையை அவர் அழகாகச் சொல்கிறார். அவர் காட்டும் விதி எளிமையானது: வேறு வழியில் மின்சாரம் பெறுவது எங்கே மிகுந்த செலவோ, அங்கே முதலில் மின்பலகை நுழையும், விலை இறங்க இறங்க அடுத்த இடத்துக்குப் பரவும்.

எண்ணெய் மேடைகளுக்கு இந்த விதி முழுமையாகப் பொருந்துகிறது. ஆனால் பின்வந்தோர் பலர் இதையே நீட்டி, கூரைக்கு அடுத்த படியாக உயர்ந்த கட்டடங்களின் சுவரை வைக்கிறார்கள். இந்த நீட்டிப்பை நான் மறுக்கிறேன். நகர நடுவே நிற்கும் மாடிக் கட்டடத்தில் மின்சாரம் அரிதான பொருளல்ல. செங்குத்துச் சுவரோ, சரியான சாய்வில் வைத்த பலகையைவிடக் குறைவான வெயிலையே வாங்கும். பெர்லினின் விதிப்படி சுவர்தான் கடைசி இடமாக இருந்திருக்க வேண்டும். அப்படியிருந்தும் 1990-களிலேயே பலகை சுவரேறிவிட்டது. அதை ஏற்றியது மின்தேவை அன்று, சுவரின் தேவை என்பதே என் வாதம்.

இதற்கு முதன்மைச் சான்று மான்செஸ்டரின் சிஐஎஸ் கோபுரம். 1962-இல் கட்டி முடிக்கப்பட்டது. உயரம் 118 மீட்டர். மின்தூக்கிகளும் படிக்கட்டுகளும் அடங்கிய அதன் சன்னலற்ற பணிக்கோபுரத்தின் மேல் ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சிறு மொசைக் சில்லுகள் பதிக்கப்பட்டன. கட்டிய சில மாதங்களிலேயே அவை உதிரத் தொடங்கின. நாற்பதாண்டு கடந்து அந்தச் சுவரைப் போர்த்த வேண்டிய கட்டாயம் வந்தபோது, வெளிப்போர்வையாகத் (கிளாடிங்) தேர்ந்தெடுக்கப்பட்டவை ஷார்ப் நிறுவனத்தின் 80 வாட் பலகைகள், மொத்தம் 7,244. 2005 நவம்பரில் மின்தொகுப்புக்கு மின்சாரம் செல்லத் தொடங்கியது.

இங்கே கவனிக்க வேண்டிய பாடவேறுபாடு ஒன்று உண்டு. இந்தக் கோபுரத்தின் திறன் சில பதிவுகளில் 575 கிலோவாட். வேறு சிலவற்றில் 391 கிலோவாட். 7,244-ஐ 80-ஆல் பெருக்கினால் 579 கிலோவாட் வருகிறது. முதல் எண் பலகைகள் அனைத்தையும் சேர்த்த கணக்கு என்பது தெளிவு. 391 கிலோவாட்டுக்கோ ஏறத்தாழ 4,900 பலகைகளே போதும். ஆண்டு உற்பத்தி என்று சொல்லப்படுவது 1,80,000 யூனிட். 575-ஐ ஏற்றால் கிலோவாட்டுக்கு ஆண்டுக்கு 313 யூனிட்தான்; அந்த அட்சரேகையின் செங்குத்துச் சுவருக்குக்கூட அது மிகத் தாழ்வு. 391-ஐ ஏற்றால் 460; நம்பத்தக்கது. எனவே இரண்டாம் எண்ணே மின் உற்பத்தியைக் குறிக்கிறது என்றும், மீதமுள்ள இரண்டாயிரத்துச் சொச்சம் பலகைகள் சுவரை மூடுவதற்காகவே வைக்கப்பட்டவை என்றும் கொள்கிறேன். இது கணக்கின்வழிப் பெற்ற ஊகம்தான். ஆயினும் மின்சாரம் தராத பலகையையும் அதே வரிசையில் பொருத்துவார்கள் என்றால், அங்கே பலகையின் முதல் வேலை போர்வையாக இருப்பதே அல்லவா?

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. திட்டத்துக்கு ஆனது 55 லட்சம் பவுண்ட். அதில் பொது நிதியுதவி ஐந்திலொரு பங்குக்கும் குறைவு. 25 ஆண்டு உற்பத்தியை வைத்து வகுத்தால் ஒரு யூனிட் 1 பவுண்டுக்கு மேல் வருகிறது. அன்றைய மின்கட்டணத்தைப் போல் பல மடங்கு. மின்சாரத்துக்காக மட்டும் யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள். எப்படியும் போர்த்தியாக வேண்டிய சுவர் என்பதால்தான் செய்தார்கள்.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. 1991-இல் ஜெர்மனியின் ஆகன் நகரில் சுவரோடு இணைந்த பலகைகளை முன்னோடியாக நிறுவியது நகர மின்வாரியமே. அங்கே மின்சாரம்தான் நோக்கம் எனலாம். ஆனால் அந்தப் பலகைகள் கண்ணாடிச் சுவரின் உறுப்பாகவே அமைந்தன. மான்செஸ்டரைப் போலவே நியூகாசிலிலும், நார்த்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தின் 1960-களின் கட்டடம் ஒன்றைப் புதுப்பித்தபோது 39.5 கிலோவாட் பலகைகள் புதுப் போர்வையாயின. ஆண்டை 1994 என்போரும் உண்டு, 1995 என்போரும் உண்டு. பணி நடந்த ஆண்டும் இயங்கத் தொடங்கிய ஆண்டும் கலந்துவிட்டிருக்கலாம். 1999-இல் முடிந்த நியூயார்க்கின் 4 டைம்ஸ் ஸ்கொயர் புதுக் கட்டடம், பழுதுபார்ப்பு அல்ல. அங்கும் 37 முதல் 43 வரையான மாடிகளில், சன்னல் வரிசைகளுக்கு இடைப்பட்ட ஒளிபுகாப் பட்டைகளின் இடத்தையே மென்படலப் பலகைகள் பிடித்தன.

பெர்லினின் விதிக்கு இடம் கொடுக்க வேண்டிய கட்டம் சியோலில் வருகிறது. 2013-இல் நிறைவுற்ற எஃப்கேஐ கோபுரத்தில் பலகைகள் பதித்த ஒளிபுகாப் பட்டைகள் 30 பாகை மேல்நோக்கிச் சாய்க்கப்பட்டன. பார்வைக் கண்ணாடிகள் 15 பாகை கீழ்நோக்கித் திரும்பின. சுவருக்கு ஏற்பப் பலகை அமைந்த நிலை மாறி, பலகைக்கு ஏற்பச் சுவர் வளைந்தது. இந்தத் திருப்பம் நியூயார்க்குக்கும் சியோலுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் நேர்ந்தது என்று மட்டுமே இப்போது சொல்ல முடியும். ஆண்டால் மான்செஸ்டர் அந்த இடைவெளிக்குள் வந்தாலும், இயல்பால் திருப்பத்துக்கு முந்திய கட்டத்தைச் சேர்ந்தது. அதை மின்சாரத்தின் வெற்றியாக எழுதுவது உதிர்ந்த சில்லுகளை வரலாற்றிலிருந்து நீக்குவதாகும்.