கிரீஸ் கேட்காத மூட்டு

1920களின் தொடக்கத்தில் கார் வைத்திருந்தவருக்குப் பெற்றோலைப் போலவே கிரீஸும் தவிர்க்க முடியாத செலவு. பட்டை ஸ்பிரிங்கின் நுனி சேசிஸோடு சேருமிடத்தில் ஓர் இரும்பு முளை, அதைச் சுற்றி வெண்கல புஷ். கார் மேலும் கீழும் ஆடும்போதெல்லாம் முளை புஷ்ஷுக்குள் உரசிச் சுழலும். சில நூறு மைல்களுக்கு ஒருமுறை காரின் அடியில் படுத்து, நிப்பிள் நிப்பிளாகத் தேடிக் கிரீஸ் அடிக்க வேண்டும். விட்டால் மழைத்தண்ணீர் கிரீஸைக் கழுவிவிடும், மணல் புகுந்து வெண்கலத்தை அரைத்துவிடும். பிறகு போகும் வழியெல்லாம் கடகடவென்ற சத்தம்தான்.

இதற்கு விடை கண்டவர் லியோன் திரி என்ற பொறியியலாளர். நல்ல கிரீஸைத் தேடாமல், உரசலையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்த்தார். ஒரு சின்னக் குழாய், அதற்கு வெளியே ஒரு பெரிய குழாய், நடுவில் இறப்பர். இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள வெளியைவிட இறப்பரின் தடிப்பு அதிகம். அதை நீட்டி இழுத்து உள்ளே செலுத்திவிட்டால், பழைய தடிப்புக்குத் திரும்பப் பார்த்து இரண்டு குழாய்களையும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம். ஒரு குழாய் திரும்பும்போது எதுவும் வழுக்குவதில்லை; இறப்பர் தனக்குள்ளேயே முறுகி, பிறகு பழைய நிலைக்கு வருகிறது. உரசல் இல்லை, ஆகவே கிரீஸ் இல்லை. இரும்பை இரும்பு தொடாததால் சத்தமும் இல்லை.

'சைலன்ட்புளொக்' என்ற பெயரில் அதை விற்றவர் பிரான்சுவா ரெபுசோ. பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரேயில் ஷொக் அப்சோர்பர் வியாபாரம் செய்தவர். 1925ஆம் ஆண்டு மொன்டே கார்லோ ராலியில் ரெனோ கார் ஓட்டி வென்றவர். மோசமான வீதி ஒரு காரை என்ன பாடுபடுத்தும் என்பதை ஸ்டியரிங் பிடித்தே அறிந்த மனிதரிடம் இந்தச் சாமான் போய்ச் சேர்ந்தது அதன் நல்ல காலம் என்றே நினைக்கிறேன். 1931இல் கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரின் எஞ்சினையே இறப்பர் மேல் உட்கார வைத்தது. அடுத்த ஆண்டு சிட்ரோயனும் அந்த முறையை வாங்கிக்கொண்டது. இறப்பருக்குக் காரின் அடிப்பகுதியில் நிரந்தர இடம் கிடைத்துவிட்டது.

அந்த இறப்பரின் ஆசியக் கதை எங்கள் கம்பஹா மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டுபோன ஏறத்தாழ 70,000 விதைகளில் முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சம்தான். அவற்றில் பெரும்பகுதி அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேறியது. அந்தக் கன்றுகளுக்காகவே ஹெனரத்கொடையில் தாவரவியல் பூங்கா திறந்தார்கள். அதே மாவட்டத்தின் வத்தளையிலிருந்து காலையில் புறப்பட்டுப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். திரி தன் புஷ்ஷைச் செய்த காலத்தில் உலகின் இறப்பரில் மிகப் பெரும்பகுதி ஆசியத் தோட்டங்களிலிருந்துதான் போனது. இலங்கைப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைப் பாடப் புத்தகத்தில் ஒரு வரியாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். காரைத் தூக்கி, சில்லைச் சேசிஸோடு இணைக்கும் ஆர்மைக் காட்டிச் சொல்ல வேண்டிய கதை இது.

பழையதும் புதியதும் ஒரே காரில் ஒன்றாக இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் மொரிஸ் மைனரின் முன்சில்லுப் பக்கம் குனியுங்கள். சில்லு திரும்பும் மூட்டுக்கு இன்றும் கிரீஸ் அடிக்க வேண்டும். ஆர்மின் உள்நுனியிலோ இறப்பர் புஷ்.

இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருக்கிற காரைக் காப்பாற்றிக்கொள்வதைத் தவிர குடும்பங்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. வீட்டு முற்றத்தில் புஷ் மாற்றுகிறவர்களை நான் அப்போதுதான் அதிகம் கண்டேன். கொழும்பு பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளில் முதலில் கேட்பார்கள்: "ஆர்மோட எடுக்கிறீங்களா, புஷ் மட்டும் போதுமா?" புஷ் மட்டும் என்றால் காசு மிச்சம், வேலை கூட.

லோவர் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். பிரேக் பிடிக்கும்போது சில்லைப் பின்னால் தள்ளும் விசையைத் தாங்குவது அதுதான். இறப்பரில் வேண்டுமென்றே விட்ட துவாரங்கள் இரண்டு இருக்கும்; அவை எந்தத் திசையை நோக்கியிருந்தன என்று பழையதைக் கழற்றுமுன் ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடல் காற்று அடிக்கும் வத்தளையில் வேறொரு தொல்லையும் உண்டு. போல்ட் துருப்பிடித்து உள் குழாயோடு ஒட்டிக்கொள்ளும். நட்டைத் திருகினால் குழாயும் சேர்ந்து சுழன்று, மிஞ்சிய இறப்பரையும் கிழித்துவிடும். கிழிந்த இறப்பரை வெட்டி எடுத்து, வெளிக் குழாயை வாள் அலகால் கீறிச் சுருக்கி வெளியே தட்ட வேண்டும். அலகு ஆர்மின் துளையில் படவே கூடாது. புதியதை ஏற்ற நீண்ட போல்ட்டும் நட்டும் தடித்த வாஷர்களும் பெரிய சொக்கெட்டும் போதும். நட்டைத் திருகத் திருக நேராக உள்ளே இறங்கும். சுத்தியல் வேண்டாம். இறப்பர் இறுக்கமாயிருந்தால் சவர்க்காரத் தண்ணீர் தடவலாம். எண்ணெயும் கிரீஸும் ஆகாது. இயற்கை இறப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும்.

கடைசி இறுக்கலில்தான் பலருடைய உழைப்பு வீணாகிறது. கார் ஸ்டாண்டில் நிற்க, சில்லு தொங்கும் நிலையில் போல்ட்டை முழுதாக இறுக்கினால், அந்தத் தொங்கிய நிலையையே இறப்பர் தன் ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும். காரை இறக்கியதும் நின்ற இடத்திலேயே முறுகிக் கிடக்கும். குழிகளில் இன்னும் முறுகும். சில மாதத்தில் கிழியும். பழைய வெண்கல புஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை, அது சுழலும். இறப்பர் சுழலாது, திரி அதைப் பிடித்து நிற்கவே செய்தார். மாபொலையில் ஒரு கராஜ் பாஸ் தன் பையன்களிடம் இதைத்தான் சத்தம் போட்டுச் சொல்வார்: "வெயிட்டில விட்டு இறுக்குங்கடா!"

முற்றத்தில் அதைச் செய்ய, கார் ஸ்டாண்டில் உறுதியாக நிற்கும்போதே இன்னொரு ஜாக்கை ஆர்மின் வெளிநுனியில் வைத்து, சில்லு தாங்கும் காரின் பாரம் அதில் இறங்கும்வரை மெல்ல உயர்த்துங்கள். அந்த நிலையில் இறுக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகாதீர்கள். புது புஷ் ஏறினால் சில்லின் கோணமும் சற்று மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்காமல் விட்டால் டயரின் ஓரம் தேயும். புஷ்ஷில் மிச்சம் பிடித்த காசு அதில் போய்விடும்.