பெயர் அடிபடும் காலம்

1976 ஜூலை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பிளெய்ன்ஸ் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை எழுநூறைத் தாண்டாது. ஒரே ஒரு கடைத்தெரு, எதிரே பழைய ரயில் நிலையம், ஊரைச் சுற்றிலும் நிலக்கடலை வயல். அந்த ஊர்க் கடலை வியாபாரி ஜிம்மி கார்ட்டர் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராவது ஜூன் மாதமே உறுதியாகிவிட்டது. அப்போது கட்சி மாநாட்டுக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. செய்தி எதுவும் கிடைக்காமல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நிருபர்களுக்கு அந்தச் சமயத்தில் ஒரு விருந்து கிடைத்தது. செனட்டர்கள் ஒவ்வொருவராக பிளெய்ன்ஸில் வந்து இறங்கினார்கள். எட்மண்ட் மஸ்கி வந்தார். பூமியைச் சுற்றிவந்த விண்வெளி வீரர் ஜான் க்ளென் வந்தார். மினசோட்டாவின் வால்டர் மாண்டேல் வந்தார். கார்ட்டர் வீட்டில் நெடுநேரம் பேச்சு, பிறகு தெருவில் ஒரு நடை, கேமராக்களுக்கு முன்னால் ஒரு பேட்டி. மூவரில் யார்? பட்டியலில் இருந்த மற்றவர்களில் யாராவதா?

துணை அதிபர் வேட்பாளராக யாரை எடுப்பார் என்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்கா முழுவதும் வாரக்கணக்கில் ஆடும் ஊக விளையாட்டு முறையாகப் பிறந்தது அந்தக் கடைத்தெருவில்தான் என்பது என் கணக்கு. அதற்கு முன்னால் இரண்டு தடைகள் இருந்தன. முடிவு ஒரே மனிதரின் மனதில் இல்லை. இருந்தபோதும் ஊகிக்க நேரம் இல்லை.

அரசியல் சாசனம் எழுதிய காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. அதிபர் தேர்தலில் இரண்டாவதாக வந்தவர் துணை அதிபர், அவ்வளவுதான். அதனால் 1796-இல் ஜான் ஆடம்ஸுக்கு அவரோடு மோதிய ஜெபர்சனே துணையாக வாய்த்தார். 1800-இல் ஜெபர்சனும், அவரோடு துணைப் பதவிக்கென்று நின்ற ஆரன் பர்ரும் மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களிடம் தலா 73 வாக்கு பெற்றுச் சமமாக நின்றார்கள். கீழவை 36 முறை வாக்கெடுத்த பிறகுதான் ஜெபர்சன் அதிபரானார். அந்தக் கூத்துக்குப் பிறகு 1804-இல் 12-ஆவது திருத்தம் வந்தது. அதிபருக்குத் தனி வாக்கு, துணை அதிபருக்குத் தனி வாக்கு.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாகத் துணை வேட்பாளரைத் தீர்மானித்தவர்கள் கட்சியின் பெரிய கைகள். வடக்கத்தியர் அதிபர் வேட்பாளரானால் வேறு பகுதிக்காரர் ஒருவர் துணைக்கு. ஒரு கோஷ்டி ஜெயித்தால் தோற்ற கோஷ்டியைச் சமாதானப்படுத்த ஒருவர். அதிபர் வேட்பாளரின் விருப்பத்தை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. 1900-இல் நியூயார்க் கவர்னராக இருந்துகொண்டு கட்சிக்காரர்களுக்கே தொல்லை கொடுத்துவந்த தியோடர் ரூஸ்வெல்ட்டை, மாநிலத்தை விட்டு அனுப்பினால் போதும் என்று துணை அதிபர் பதவிக்குத் தள்ளிவிட்டார் தாமஸ் பிளாட் என்ற கட்சித் தலைவர். அடுத்த ஆண்டே அதிபர் மெக்கின்லி சுடப்பட்டு இறந்தார். ஒழித்துக்கட்ட நினைத்த ஆள் வெள்ளை மாளிகையில் போய் உட்கார்ந்தார். 1920 சிகாகோ மாநாட்டிலோ பெரிய கைகளே தோற்றன. அவர்கள் செனட்டர் லென்ரூட்டை நிறுத்த முனைந்த நேரத்தில், ஓரிகன் மாநிலப் பிரதிநிதி ஒருவர் நாற்காலி மேல் ஏறி நின்று கால்வின் கூலிட்ஜ் பெயரைக் கத்தினார். கூட்டம் ஆர்ப்பரித்து ஏற்றுக்கொண்டது. மூன்றே ஆண்டில் அதிபர் ஹார்டிங் இறக்க, கூலிட்ஜ் அதிபர்.

தனக்கு வேண்டிய ஆள்தான் வேண்டும் என்று அடம்பிடித்த முதல் பெரிய அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1940-இல் ஹென்றி வாலஸைத் தராவிட்டால் தானே போட்டியிலிருந்து விலகிக்கொள்வேன் என்று மிரட்டி வாங்கினார். நான்கு ஆண்டு கழித்து அதே வாலஸைக் கழற்றிவிட்டு ஹாரி ட்ரூமனுக்கு இடம் கொடுத்தார்கள். ட்ரூமன் துணை அதிபராக இருந்தது 82 நாள். ரூஸ்வெல்ட் இறந்ததும் அணுகுண்டு உள்பட எல்லாம் அவர் தலையில். யாருக்கும் வேண்டாத அந்த நாற்காலி எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்கர்கள் அப்போதுதான் எடை போட்டார்கள். 1955-இல் ஐசனோவருக்கு மாரடைப்பு வந்ததும், 1963-இல் கென்னடி கொல்லப்பட்டதும் அந்த எடையைக் கூட்டின.

இந்த ஊகத்தை வேடிக்கையாக மாற்றலாம் என்று கண்டுபிடித்த குறும்புக்காரர், கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சன். 1964-இல் அவரை எதிர்க்கக் கட்சிக்குள் ஆளில்லை. மாநாட்டில் மிச்சமிருந்த ஒரே ரகசியம் துணை யார் என்பதுதான். அந்த ரகசியத்தைப் பொத்திப் பொத்தி வைத்துக்கொண்டார். முதலில் ராபர்ட் கென்னடியைக் கழிக்க வேண்டும். நேராகச் சொன்னால் பகை. ஜூலை கடைசியில், என் அமைச்சரவையில் இருக்கும் யாரையும் எடுக்கப்போவதில்லை என்று பொதுவாக அறிவித்துவிட்டார். ஒருவரைக் கழிக்க ஒரு மந்திரிசபையையே கழித்த சாமர்த்தியம்! மிச்சமிருந்தவர்களில் ஹுபர்ட் ஹம்ஃப்ரி என்று ஊருக்கே தெரியும். இருந்தும் மாநாடு நடந்த அட்லாண்டிக் சிட்டியிலிருந்து ஹம்ஃப்ரியை வாஷிங்டனுக்குக் கூப்பிட்டபோது, கூடவே கனெக்டிகட் செனட்டர் தாமஸ் டாட் என்பவரையும் அதே விமானத்தில் வரவழைத்தார். டாடுக்குப் பதவி கிடையாது; நிருபர்களைக் குழப்ப மட்டும். வாஷிங்டனில் இறங்கியதும் உள்ளே கூப்பிடவில்லை, காரிலேயே சுற்றவைத்தார்கள். ஜான்சனின் மனைவி மாநாட்டு ஊரில் வந்திறங்குவதை டிவி காட்டிக்கொண்டிருந்தது, அது முடியட்டும் என்று. ஹம்ஃப்ரி காரில் தூங்கியே போய்விட்டார். கண்ணாடியைத் தட்டி எழுப்பித்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். இத்தனை செய்தவரிடம்தான் அடுத்த நான்கு வருடம் அவர் வேலை பார்க்க வேண்டியிருந்தது. அந்த நான்கு வருடம் எப்படிப் போகும் என்பதை அந்தக் கார் பயணத்திலேயே அவர் புரிந்துகொண்டிருக்கலாம்.

விளையாட்டுக்கு வேடிக்கை வந்துவிட்டது. ஆனால் அதை வாரக்கணக்கில் நீட்டிய காரணம் வேடிக்கையல்ல, ஒரு விபத்து. 1968 சிகாகோ மாநாட்டுக் கலவரத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி தன் விதிகளை மாற்றியது. வேட்பாளரைத் தலைவர்கள் அல்ல, மாநிலந்தோறும் நடக்கும் உட்கட்சித் தேர்தல்கள் முடிவு செய்யும் என்றாகிவிட்டது. புது விதியில் முதலில் வென்றவர் ஜார்ஜ் மெக்கவர்ன். ஆனால் 1972-இல் மயாமி பீச் மாநாடு தொடங்கிய பிறகும் அவர் தன் பிரதிநிதிகளைக் காப்பாற்றிக்கொள்ளவே போராடிக்கொண்டிருந்தார். துணை வேட்பாளரைப் பற்றி உருப்படியாக யோசித்தது ஜூலை 13 காலையில்தான். அன்று மாலைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும். எட்வர்ட் கென்னடி முடியாது என்றார். மாண்டேல் முடியாது என்றார். பாஸ்டன் மேயர் கெவின் வைட்டை ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார்கள், அவர் சொந்த மாநிலத்துக்காரர்களே முட்டுக்கட்டை போட்டார்கள். கேலார்ட் நெல்சனைக் கேட்டார்கள். நான் வேண்டாம், மிசௌரியின் தாமஸ் ஈகிள்டனை எடுங்கள் என்றார். ஈகிள்டனுக்கு போன் போயிற்று. மெக்கவர்ன் கேட்டதும் ஒப்புக்கொண்டார். மெக்கவர்னின் உதவியாளர் பிராங்க் மான்கிவிச் போனை வாங்கி, பழைய சங்கதி ஏதாவது பின்னால் கிளம்புமா என்று விசாரித்தார். எதுவும் இல்லை என்றார் ஈகிள்டன். ஒரு நாட்டின் இரண்டாவது நாற்காலிக்கு நடந்த விசாரணை அந்த ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்தது.

அன்று ராத்திரி மாநாட்டுப் பிரதிநிதிகள் விளையாட்டாக மாவோவுக்கும், ஒரு டிவி தொடரின் கதாபாத்திரத்துக்கும்கூடத் துணை அதிபர் வாக்குப் போட்டு நேரத்தை இழுத்ததில், மெக்கவர்ன் ஏற்புரை பேச எழுந்தபோது மணி இரண்டரையைத் தாண்டிவிட்டது. நாடு தூங்கிக்கொண்டிருந்தது. பெரிய அடி அடுத்த வாரம். ஈகிள்டன் மன அழுத்தத்துக்காக 1960-க்கும் 1966-க்கும் இடையே மூன்று முறை மருத்துவமனையில் இருந்தவர், இரண்டு முறை மின்னதிர்ச்சிச் சிகிச்சை பெற்றவர் என்ற செய்தி பெயர் சொல்லாத ஒருவரின் போன் வழியாகப் பத்திரிகைக்காரர்களுக்குப் போயிற்று. ஆயிரம் சதவீதம் அவர் பக்கம் நிற்கிறேன் என்றார் மெக்கவர்ன். தேர்ந்தெடுத்த 18-ஆவது நாள், ஜூலை 31-இல் ஈகிள்டன் விலகினார். மாற்றாள் கிடைக்காமல் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டி, கடைசியில் சார்ஜண்ட் ஷ்ரைவர் வந்தார். நவம்பரில் 49 மாநிலங்கள் கைவிட்டன. தோல்விக்கு ஈகிள்டன் மட்டும் காரணமல்ல. ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை எடுத்ததை மறைத்துவைக்க வேண்டிய குற்றமாக நினைத்த காலத்தின் குற்றமும் அதில் இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. எல்லோரும் எடுத்துக்கொண்ட பாடம் வேறு: இனி அவசரமாக ஆள் எடுக்கக் கூடாது.

அதனால்தான் கார்ட்டர் அவ்வளவு நிதானமாக இருந்தார். அவருக்கு நேரமும் இருந்தது. அட்லாண்டா வழக்கறிஞர் நண்பர் சார்லஸ் கிர்போவைப் பொறுப்பாக்கி, பட்டியலில் உள்ளவர்களின் உடல்நிலை, சொத்து, கடன், குடும்பம் என்று கேள்வித்தாள் வைத்து அலசினார். மாண்டேல் பரீட்சைக்குப் போகிற மாணவன் மாதிரி கார்ட்டரின் சுயசரிதையைப் படித்துவிட்டுப் போனார். அவருக்கு ஒரு பழைய பேச்சு பாக்கி இருந்தது. தானே அதிபர் தேர்தலில் இறங்கப் பார்த்து, 1974-இல் விலகியபோது, இன்னொரு வருடம் ஹாலிடே இன் ஓட்டல்களில் கிடக்க முடியாது என்று சொல்லியிருந்தார். அதை நினைவூட்டிய நிருபர்களிடம், விசாரித்துப் பார்த்தேன், அந்த ஓட்டல்களையெல்லாம் இப்போது புதுப்பித்துவிட்டார்கள் என்றார். ஜூலை 15 காலை நியூயார்க் ஓட்டல் அறையில் மாண்டேலுக்கு போன் வந்தது. வென்ற பிறகு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியிலேயே அறை, வாரம் ஒருமுறை அதிபரோடு மதிய உணவு என்று பதவிக்கே வேலை சேர்ந்தது. வேலை சேர்ந்ததால் ஊகத்துக்கும் மதிப்பு சேர்ந்தது.

எட்டு வருடம் கழித்து மாண்டேலே அதிபர் வேட்பாளர். இந்த முறை மினசோட்டாவின் நார்த் ஓக்ஸில் உள்ள அவர் வீட்டுக்கு வரிசை போயிற்று: லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பின மேயர் டாம் பிராட்லி, சான் பிரான்சிஸ்கோவின் டயான் ஃபைன்ஸ்டைன், சான் அன்டோனியோவின் ஹென்றி சிஸ்நேரோஸ். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு தலை என்று கண்காட்சி நடத்துகிறார் என்ற கேலி எழுந்தது. கடைசியில் ஜெரால்டின் ஃபெராரோவை எடுத்தார், பெரிய கட்சியின் சார்பில் நின்ற முதல் பெண். அவர் கணவரின் கணக்குவழக்கு அடுத்த சில வாரங்களுக்குச் செய்தியானது. கேள்வித்தாள் இன்னும் நீளமாயிற்று.

இந்தப் பட்டியல்களில் உண்மையான போட்டியாளர்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். மற்றப் பெயர்கள் மரியாதைக்காகக் கசியவிடப்படுகின்றன. ஒரு மாநிலக் கவர்னரின் பெயர் அடிபட்டால் அந்த மாநிலத்துக்குப் பெருமை, அவருக்கு டிவியில் இடம், வேட்பாளருக்குச் செலவில்லாத நல்லெண்ணம். எனக்கு அந்த ஆசையே இல்லை என்று சொல்பவர் எத்தனை முறை சொல்கிறாரோ அத்தனை ஆசை. சொந்த மாநிலத்தை அள்ளிக்கொண்டு வருவார் என்பது பண்டிதர்கள் விடாமல் சொல்லும் காரணம். கிறிஸ்டோபர் டிவைன், கைல் காப்கோ என்ற அரசியல் ஆய்வாளர்கள் பழைய தேர்தல்களை அலசி, அப்படி ஒரு பலன் அநேகமாக இல்லவே இல்லை என்று எழுதிவிட்டார்கள். அதைப் படித்தவர்களும் ஜூலை வந்ததும் பென்சில்வேனியாவைக் கூட்டிக் கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

வேட்பாளர் எவ்வளவு மறைக்கிறாரோ, துப்புத் துலக்குவதும் அவ்வளவு நுணுக்கமானது. 2000-இல் டெக்சஸ்காரர் ஜார்ஜ் புஷ்ஷுக்கு ஆள் தேடும் பொறுப்பு டிக் செனியிடம் இருந்தது. பெண் பார்க்கப் போன தரகரே மாப்பிள்ளையான கதையாக அவரே தேர்வானார். அவர் டெக்சஸிலிருந்து வயோமிங்குக்குப் போய் வாக்காளராகப் பதிந்துகொண்டதில்தான் விஷயம் வெளிப்பட்டது. ஒரே மாநிலத்தவர் இருவர் நின்றால் அந்த மாநிலத் தேர்வாளர்கள் இருவருக்கும் சேர்த்து வாக்களிக்க முடியாது. பழைய 12-ஆவது திருத்தத்தின் வேலை. 2004 ஜூலை 6 அன்று நியூயார்க் போஸ்ட் தன் முதல் பக்கத்தில் வேட்பாளர் ஜான் கெரி எடுத்தது கெப்ஹார்ட் என்பவரை என்று அடித்துச் சொன்னது. முந்தைய ராத்திரியே, பிட்ஸ்பர்க் விமானக் கொட்டகையில் கெரியின் 757 விமானத்தில் ஜான் எட்வர்ட்ஸ் பெயர் ஒட்டப்படுவதாக யாரோ ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். பத்திரிகை தோற்றது, ஸ்டிக்கர் ஜெயித்தது. 2012-இல் துணை வேட்பாளராகத் தேர்வான பால் ரயன் ஜேன்ஸ்வில்லில் தன் வீட்டு வாசலில் காத்திருந்த நிருபர்களுக்குத் தெரியாமல், பின்பக்கத்து மரக்காடு வழியாக நடந்து தப்பினார்.

2020-இல் ஜோ பைடன் தன் கையிலேயே விடையை வைத்திருந்தார். ஜூலை 28 அன்று டெலவேரில் பேசியபோது அவர் பிடித்திருந்த குறிப்புத்தாளைப் படமெடுத்தார் ஒரு செய்திப் புகைப்படக்காரர். மேலே கமலா ஹாரிஸ் பெயர். அடியில் முதல் குறிப்பு, மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது. முந்தைய ஆண்டு விவாத மேடையில் ஹாரிஸ் அவரை வறுத்தெடுத்ததற்கான பதில். இரண்டு வாரத்தில் ஹாரிஸ்தான் என்று அறிவிப்பு வந்தது. அந்த ஊகத்தை மன்னார்குடிப் பக்கத்துத் துளசேந்திரபுரத்திலும் கவனித்தார்கள். ஹாரிஸின் தாய்வழித் தாத்தா பி.வி.கோபாலனின் ஊர் அது. அங்குள்ள தர்ம சாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் கல்வெட்டில் ஹாரிஸின் பெயரும் இருக்கிறது.

நான்கு வருடம் கழித்து ஹாரிஸே ஆள் தேடும் இடத்துக்கு வந்தார். பைடன் போட்டியிலிருந்து விலகிய ஜூலை 21-க்கும் அறிவிப்பு வெளியான ஆகஸ்ட் 6-க்கும் இடையே இருந்தது இரண்டு வாரத்துக்குச் சற்றே கூடுதல். பிளெய்ன்ஸில் ஒரு மாதம் எடுத்த வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். முதல் பொதுக்கூட்டம் பிலடெல்பியாவில் என்றதுமே பென்சில்வேனியா கவர்னர் ஜோஷ் ஷபிரோதான் என்று பலர் முடிவுகட்டினார்கள். பிலடெல்பியா மேயர் ஷபிரோவைத் துணை வேட்பாளராகவே காட்டும் ஒரு வீடியோவை முன்கூட்டியே வெளியிட்டுவிட, மிச்சமிருந்த சந்தேகமும் போயிற்று. ஆகஸ்ட் 6 மாலை டெம்பிள் பல்கலைக்கழக அரங்கம் நிரம்பி வழிந்தது. ஷபிரோ மேடையேறினார், கூட்டம் எழுந்து நின்று கத்தியது. அவர் பேசி முடித்து இறங்கிய பிறகு, ஹாரிஸோடு கைகோத்து வந்தவர் மினசோட்டா கவர்னர் டிம் வால்ஸ்.