புல்லரிசியும் சாதிச் சான்றும்: கும்மிடிப்பூண்டி வட்டார இருளர்கள்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் கவரைப்பேட்டைக்கு அருகே புதுவாயல் கூட்டுச்சாலையைக் கடந்திருப்பார்கள். மேற்கே பெரியபாளையம் சாலை பிரியும் இடம். வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் புகைபோக்கிகள். ஏரிக்கரைகளிலும் ஆற்றோரப் புறம்போக்குகளிலும் பத்துப் பதினைந்து குடிசைகளாக ஒதுங்கியிருக்கும் குடியிருப்புகள் பேருந்துச் சன்னலிலிருந்து கண்ணில் படுவதில்லை. அவற்றில் வாழ்வோர் இருளர்கள்.

பழங்குடி என்றதும் நம் மனம் மலையேறிவிடுகிறது. தமிழகப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்த பெரிய இனமான இருளரில் பெரும்பகுதியினர் மலையில் வாழ்வோர் அல்லர். நீலகிரி, கோவை மலைச்சரிவுகளில் தனிமொழி பேசும் இருளர் ஒரு பிரிவினர். திருவள்ளூர் முதல் விழுப்புரம் வரை சமவெளியில் தமிழ் பேசி வாழ்வோர் மற்றொரு பிரிவினர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பே இவ்விருவரையும் பிரித்துத்தான் பேசுகிறது. ஆயினும் அரசுப் பட்டியலில் இருவருக்கும் ஒரே பெயர்.

எண்களைப் பார்ப்போம். 2001 கணக்கெடுப்பில் தமிழகத்து இருளர் 1,55,606 பேர். 2011இல் 1,89,661 பேர். மாநிலப் பழங்குடியினர் மொத்தம் 7,94,697 என்பதால், ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இருளர். 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. பத்தாண்டில் மாநில மக்கள்தொகை ஏறத்தாழ 16 விழுக்காடு வளர, இருளர் எண்ணிக்கை 22 விழுக்காடு வளர்ந்திருக்கிறது. இதைப் பிறப்பின் கணக்காக மட்டும் கொள்ளலாகாது. முன்பு எண்ணப்படாதவர்கள் எண்ணப்பட்டதும் இதில் சேர்ந்திருக்கக்கூடும். சூளைக்கும் ஆலைக்கும் இடம்பெயர்ந்து திரிபவர்களின் வாசலைக் கணக்காளர் தட்டும்போது, அங்கே வாசலே இருப்பதில்லை.

தமிழாசிரியனுக்கு இங்கே ஒரு சபலம் உண்டு. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், எயிற்றியர் இரும்பு பொருத்திய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி சேர்க்கும் காட்சி வருகிறது. அதே தொண்டை மண்டலத்தில், அறுவடை முடிந்த வயலில் எலிவளை தோண்டி நெல் சேர்க்கும் இருளரைக் காண்பவர்க்கு அக்காட்சி நினைவில் எழாமல் போகாது. ஆனால் தொழில் ஒப்புமை குலத்தொடர்ச்சிக்குச் சான்றாகாது. 'எயினரின் வழித்தோன்றல்கள்' என்று புகழ்ந்துவிட்டு நகர்வது, இன்றிருப்பவர்களைக் காணாமல் தப்பிக்கும் வழியுமாகும்.

இன்றைய நிலையைச் சட்டங்கள் பெரிதும் வடிவமைத்தன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தொடர்ந்து வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பு பிடிப்போரின் பிழைப்பை முடித்துவைத்தன. 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், தோலுக்காகக் கொன்ற பாம்பை நஞ்செடுத்துத் திரும்ப விடும் தொழிலாக மாற்றியது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். ஆனால் அச்சங்கம் சில நூறு குடும்பங்களுக்கு மட்டுமே கைகொடுக்கக் கூடியது. ஏனையோர் செங்கல் சூளைக்கும், செங்குன்றம் பகுதி அரிசி ஆலைகளுக்கும், மரம் வெட்டவும் போனார்கள்; பழவேற்காட்டு ஏரியோரத்தார் கையால் தடவி இறால் பிடித்தார்கள். முன்பணம் வாங்கினால் குடும்பமே அங்கு கட்டுண்டது. கொத்தடிமை முறை 1976லேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் கழித்தும் இம்மாவட்டத்து ஆலைகளிலிருந்தும் சூளைகளிலிருந்தும் இருளர்கள் மீட்கப்பட்ட செய்திகள் வந்தவண்ணம் இருந்தன.

எல்லைப்புறமாதலால் இன்னொரு சிக்கலும் உண்டு. சில கல் தொலைவில் ஆந்திரம். அங்கே பழவேற்காட்டு ஏரிக்கு அப்பால், ஏவுதளம் வருமுன் ஸ்ரீஹரிகோட்டாக் காட்டில் வாழ்ந்தவர்கள் யானாதிகள். அவர்கள் ஆந்திரப் பழங்குடிப் பட்டியலில் உண்டு. தமிழகப் பட்டியலில் இல்லை. இருளரோ தமிழகப் பட்டியலில் உண்டு. ஒரே ஏரியின் இரு கரைகளில் ஒருவரின் அடையாளம் அவர் நிற்கும் கரையைப் பொறுத்தது.

தமிழகத்தில் பழங்குடிச் சான்றை வட்டாட்சியர் தர இயலாது. 1989 முதல் கோட்டாட்சியரே தரவேண்டும். போலிகளைத் தடுக்கச் செய்த ஏற்பாடு அது. தந்தைக்குச் சான்று இருந்தால் பிள்ளைக்கு எளிது. பள்ளிக்கூடமே காணாத தந்தைக்கு ஏது சான்று?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் துறையில் ஒரு மாணவர் சேர்ந்தார். அவர் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். உதவித்தொகைக்குச் சான்று கேட்டார்கள். அலுவலகத்தில் "பாம்பு பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்களாம். தெரியாது என்றார், அவர் படிக்கப் போனவர் அல்லவா! இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டார். விசாரிக்கச் சென்றபோது அவர் தாயார் சொன்னது இதுதான்: "கணக்கு எடுக்க வரசொல்லோ எங்கள எருளருன்னு எழுதிக்கினு போறாங்க சார். காயிதம் கேட்டாத்தான் நீ யாருன்றாங்க."

மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர்கள் கூடுகிறார்கள். கன்னியம்மனை வழிபட்டு, மணலில் பந்தலிட்டு, திருமணங்கள் நிச்சயிக்கிறார்கள். அங்கே எவரும் எவரிடமும் சான்று கேட்பதில்லை. 1,89,661 என்ற எண்ணில் அந்த மாணவரும் ஒருவராக இருந்திருப்பார். எண்ணாக இருக்கும்வரை அவர் இருளர். உதவித்தொகை மனுவோடு வந்து நின்றபோதுதான் ஐயம் எழுந்தது.