தெரேசம்மாளும் கரகர சத்தமும்

சிறுமலர் தெரேசம்மாளைப் படத்தில் பார்க்காத கிறிஸ்தவ வீடு குறைவு. கையில் சிலுவை, ரோஜாப்பூ, முகத்தில் சாந்தம். இந்த அம்மாவுக்கு எரிச்சல் என்றால் என்னவென்றே தெரிந்திருக்காது என்று தோன்றும். வரலாறு அப்படி இல்லை நண்பர்களே!

1873-ல் பிரான்சில் பிறந்தவர். 1888 ஏப்ரலில், 15 வயதில், லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துக்குள் போனார். 1897 செப்டம்பர் 30-ல் காசநோயில் இறந்தபோது வயது 24. மடத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 25 பேர். ஒன்பது வருஷமும் அதே முகங்கள். ஊரில் என்றால் மனஸ்தாபம் வந்தால் சித்தப்பா வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ இரண்டு நாள் போய்விட்டு வரலாம். ஊரை விட்டு வந்து சின்ன ஃப்ளாட்டில் இருக்கும் நமக்கு அந்த வசதி இல்லை. அதனால்தானோ என்னவோ இந்த மடத்துக் கதை எனக்கு நெருக்கமாகப் படுகிறது.

புதிதாகச் சேர்ந்த காலத்தில், நடக்க முடியாத வயதான சகோதரி செயின்ட் பியரை மாலை ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போகும் வேலையைத் தெரேசா தானே கேட்டு வாங்கினார். கிழவி மணல் கடிகாரத்தை ஆட்டினால் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம். வேகமாக நடந்தால் விழுந்துவிடுவேன் என்பார். மெதுவாகப் போனால் உன் கையே தெரியவில்லை, விட்டுவிட்டாயா என்பார். சின்னப் பெண்ணுக்கு இந்த வேலை ஆகாது என்று வேறு முணுமுணுப்பு. (பென்ஷன் நாளில் வங்கிக் கவுன்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும்.) ஒரு நாள் கிழவியால் ரொட்டியை வெட்ட முடியவில்லை என்று தெரேசா கவனித்தார். அன்றிலிருந்து தினமும் வெட்டிக்கொடுத்து, ஒரு புன்னகையும் கொடுத்துவிட்டுப் போனார். கிழவியின் மனதைக் கரைத்தது அதுதான்.

இன்னொரு சகோதரி ஜெபநேரத்தில் பின்னால் இருந்து விடாமல் கரகர என்று ஒரு சத்தம் எழுப்புவார். திரும்பி ஒரு முறை முறைக்க வேண்டும் என்று வந்ததாம். அடக்கி அடக்கி உடம்பெல்லாம் வியர்த்துப்போனதை அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, ஒரு சங்கீதக் கச்சேரி என்று எண்ணி இயேசுவுக்குக் காணிக்கையாக்கினார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவர் ஓடிப்போன கதை. மடத்தலைவிக்கு உடம்பு சரியில்லாதபோது சாவி கொடுக்கப் போனார். தூக்கம் கலையும், என்னிடம் கொடு என்று ஒரு சகோதரி தடுத்தார். இந்தத் தள்ளுமுள்ளில் தலைவி விழித்துக்கொண்டார். பழி தெரேசா மேல். பதில் சொல்ல ஆரம்பித்தால் சமாதானம் போய்விடும் என்று தெரிந்து, அந்த இடத்தைவிட்டே ஓடிவிட்டார். நெஞ்சு படபடக்க, தூரம் போக முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார். இதில் வீரம் இல்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். எனக்கென்னவோ, வாயை மூடிக்கொண்டு உள்ளே புழுங்குவதைவிட அந்தப் படிக்கட்டு மேலானது.

ஆனால் ஒன்று. மருமகள்களைப் பொறுத்துப் போகச் சொல்ல இந்தக் கதையை எடுத்துவிடாதீர்கள். 1896-ல், யாரும் சேர்ந்து வேலை செய்ய விரும்பாத ஒரு சகோதரியோடு துணி அறையில் வேலை செய்யக் கேட்டதும் தெரேசாதான். அவர் மேல் யாரும் ஏற்றிய சுமை அல்ல அது. தன் பலத்தால் இது முடியும் என்றும் அவர் நினைக்கவில்லை. இயேசுவே தனக்குள் இருந்து நேசித்தால்தான் உண்டு என்று எழுதினார்.

இதையெல்லாம் எழுதியது யாருக்கு என்பதுதான் வேடிக்கை. மடத்தலைவி மரி தெ கொன்சாக், நேரத்துக்கு ஒரு குணம் உள்ளவர். 1896 மார்ச்சில் தலைவி தேர்தலில் ஏழு முறை ஓட்டுப் போட்ட பிறகே ஜெயித்தார். தோற்றவர் தெரேசாவின் சொந்த அக்கா பொலின். அந்தத் தலைவி கேட்டுக்கொண்டதால், 1897 ஜூனில், நோயோடு தோட்டத்தில் தன் அப்பாவின் பழைய சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் தெரேசா. பிறரை நேசிப்பது பற்றிப் பத்து வரி எழுதுவதற்குள் ஒரு சகோதரி ஆறுதல் சொல்ல வந்து நிற்பார். அவர் போனால் அடுத்தவர்! தெரேசா நோட்டை மூடிவிட்டுப் பேசுவார், பிறகு திறப்பார். பேனா பிடிக்கத் தெம்பு இல்லாமல் போனபோது கடைசிப் பக்கங்களைப் பென்சிலால் எழுதினார்.